வலயத்தின் வரிச் சலுகை யாருடைய பணம்?

(வடபகுதியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் காதுக்கு இனிமையானதன்று. வரி என்ற சொல் விழுந்தவுடன் கணக்காளர் நிமிர்ந்து உட்காருவர். கமக்காரர் வெற்றிலைத் தட்டத்தைத் தேடுவர். எனினும் இன்றைய பேச்சுக் கணக்காளரிலும் பார்க்கக் கமக்காரருக்கே கூடுதலாக உரியது என்பதைச் சற்றுப் பொறுத்திருந்தால் காண்பீர்கள்.

2025ஆம் ஆண்டில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அன்று முதல் எங்கள் மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து பேசி வருகின்றனர். ‘வலயம் வருகிறது, பிள்ளைகளுக்கு வேலை வருகிறது’ என்பார் ஒரு சாரார். ‘வலயம் வருகிறது, காணி போகிறது’ என்பார் மறு சாரார். இரு சாராரும் காகிதத்தைக் காணாமலே பேசுகின்றனர். காணி வாங்கப் போகும் ஒருவன் உறுதியைப் பாராமல் கைநீட்டுவானா? தோம்பைப் புரட்டி, நாலெல்லை பார்த்து, ஈடு, ஒற்றி உண்டோ என்று விசாரித்த பின்னரன்றோ காசை எண்ணி வைப்பான்! வலயம் என்பதும் ஓர் உறுதியே. அதில் எழுதப்படும் நிபந்தனைகளுள் முதன்மையானது வரிச் சலுகை. அந்தச் சலுகையை நம் நாடு எவ்வாறு எழுதி வந்திருக்கிறது, வேறொரு நாடு அதனை எவ்வாறு எழுதியிருக்கிறது என்பதையே இன்று ஆராய்வோம்.

சுதந்திர வலயம் என்பதன் சட்டக் கருத்துச் சிக்கலானதன்று. நாட்டின் ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வேலி அடைத்து, வேலிக்குள்ளே இன்னின்ன சட்டங்கள் செல்லா என்று பிரகடனஞ் செய்வதே வலயம். செல்லாதவற்றுள் ஒன்று சுங்கச் சட்டம். வெளிநாட்டு மூலப்பொருள் தீர்வையின்றி உள்ளே வந்து, பண்டமாகித் தீர்வையின்றி வெளியே போகும். இதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. நம் நாட்டவர் நுகராத பண்டத்துக்குத் தீர்வை கேட்பதில் நியாயம் குறைவு. மற்றொன்று வருமான வரிச் சட்டம். அங்கேதான் சங்கதி வேறு. இலாபம் என்பது செலவெல்லாம் போக முதலாளியின் கையில் மிஞ்சுவது. அதனை ஈட்டுவதற்கு அவர் நம் துறைமுகத்தைப் பயன்படுத்துகிறார். நம் வீதியில் பாரவூர்தி ஓட்டுகிறார். இலவசக் கல்வியிலே படித்து வந்த பிள்ளையின் கைத்திறனைக் கூலிக்குப் பெறுகிறார். இவற்றுக்கெல்லாம் செலவிட்டது திறைசேரி. அவருடைய இலாபத்தில் வரி இல்லையென்றால் அந்தச் செலவை வேறு யாரோ தாங்குகின்றனர் என்பதே பொருள்.

இந்நாட்டிலே இவ்வழி 1978ஆம் ஆண்டில் திறந்தது. அவ்வாண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவை நிறுவியது. கட்டுநாயக்காவில் முதல் வலயம் அமைந்தது. பியகமவும் கொக்கலவும் பின்னர் வந்தன. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சட்டம் பயின்றோர் ஒருமுறை ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஒரு தொழில் நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்து, உள்நாட்டு இறைவரிச் சட்டம், சுங்கக் கட்டளைச் சட்டம், செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதலியவற்றிலிருந்து அதற்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அப்பிரிவு ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. பாராளுமன்றம் ஆக்கிய வரிச் சட்டத்தை ஓர் ஒப்பந்தத்தாலே ஒதுக்கி வைக்கலாம் என்பதே இதன் உட்கிடை. யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எதன் பேரில் என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்குள்ளே போய்விட்டன. வர்த்தமானியில் வரும் அறிவித்தலைக் கிராமசேவகர் கந்தோரிலாவது கேட்டு வாசிக்கலாம். இரு தரப்பார் கையொப்பமிட்டு அலுமாரியில் பூட்டிய காகிதத்தை யார் வாசிப்பது?

1992ஆம் ஆண்டில் அவ்வாணைக்குழு முதலீட்டுச் சபையாகப் பெயர் மாறிற்று. வேலி என்ற எல்லையும் அத்தோடு அகன்றது. தீவின் எப்பாகத்தில் அமையும் தொழிலுக்கும் ஒப்பந்தம் மூலம் சலுகை கிட்டலாயிற்று. ‘எப்பாகத்திலும்’ என்று சட்டம் சொன்ன அந்நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் சீமெந்துப் பையும் மண்ணெண்ணெயும் தடைப்பட்ட பொருள்களாக இருந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சலுகையின் செலவில் நமக்குப் பங்கு இருந்தது. சலுகையில் பங்கு இருக்கவில்லை.

பிறகு ஆண்டுக் கணக்கு ஏறத் தொடங்கிற்று. 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க உபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டுவரை விலக்களிக்க வழி செய்தது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் அதனை 40 ஆண்டாக்கிற்று. கடலை நிரவி எடுத்த 269 ஹெக்டேயர் நிலத்துக்கான சட்டம் அது. அதன் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், திருத்தப்பட்டாலன்றிச் சில வாசகங்களுக்கு விசேட பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டுமென்று கூறிற்று. திருத்தங்கள் செய்யப்பட்டு, 2021 மே 20ஆந் தேதி 149 வாக்குகள் சாதகமாகவும் 58 எதிராகவும் விழச் சட்டமூலம் நிறைவேறியது. 40 ஆண்டு என்றால் என்ன? இன்று வலயத்திலே வேலைக்குச் சேரும் இருபது வயதுப் பிள்ளை இளைப்பாறும் வயதை அடையும்வரை அவருடைய முதலாளிக்கு இலாப வரி இல்லை என்பது.

இடையிலே நல்ல சட்டமொன்றும் வந்தது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், புதியனவாகச் செய்யப்படும் முதலீட்டுச் சபை ஒப்பந்தங்களுக்கு வருமான வரி விடுமுறை என்ற முறையைக் கைவிட்டு, முதலீட்டுச் செலவுக்கேற்ப மேலதிகக் கழிவு கொடுக்கும் முறைக்கு மாறிற்று. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கமத்தொழிலில் வைத்துப் பார்ப்போம். ‘பத்து ஆண்டுக்கு உன் விளைச்சலில் பங்கு கேட்க மாட்டேன்’ என்பது விடுமுறை. ‘நீ கிணறு வெட்டினால், நீரிறைக்கும் இயந்திரம் பூட்டினால், அந்தச் செலவை உன் கணக்கிலே கூடுதலாகக் கழித்துக்கொள்’ என்பது கழிவு. கிணறு வெட்டாதவனுக்கு இரண்டாவது முறையில் ஒன்றும் கிடையாது. முதலாவது முறையிலோ, ஒன்றும் செய்யாமல் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கே அதிகம் கிடைக்கும். அதிலும் புதிய தொழிற்சாலை முதற் சில ஆண்டுகளில் இலாபமே காண்பதில்லை. இலாபமில்லாதவனுக்கு வரி விடுமுறையால் என்ன பயன்? எவன் வந்த மறுநாளே இலாபம் எடுக்க வல்லவனோ அவனுக்கே அது பெரும் வரம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கியோர் இதனை உணர்ந்திருந்தனர். நான்கே ஆண்டில், துறைமுக நகருக்கென வேறு சட்டம் பிறந்து, அந்த உணர்வைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டது.

கணக்கொன்று போடுவோம். கம்பனிகளுக்கான பொது வீதம் 2022 ஒக்டோபர் முதல் நூற்றுக்கு 30. ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபா இலாபம் காணும் ஒரு கம்பனி அவ்வீதத்தில் மூன்று கோடி செலுத்த வேண்டும். இலாபம் கூடாமலும் குறையாமலும் நின்றால்கூட, 40 ஆண்டு விலக்கு என்பது 120 கோடி ரூபா. இந்த 120 கோடியை யார் தருகிறார்? ‘யாரும் தரவில்லை, வராத பணத்தை இழந்ததாகச் சொல்லலாமா?’ என்று கேட்கும் பொருளியலாளர் உண்டு. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று கைவிரித்தது. அதன் பின் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 12, 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. சவர்க்காரக் கட்டியிலும் தொலைபேசிக் கட்டணத்திலும் அந்த 18 இருக்கிறது. தோட்டத்து வெங்காயத்தைச் சந்தையில் நட்டத்துக்கு விற்று வீடு திரும்பும் தாயும், வழியில் வாங்கும் சவர்க்காரத்துக்கு அந்த வரியைச் செலுத்துகிறார். நட்டம் என்று சொல்லி அவர் விலக்குப் பெற முடியாது. வராத பணம் எங்கே இழப்பாகிறது என்று கேட்ட பொருளியலாளருக்கு அந்தத் தாயின் பையே விடை.

ஆகவே வரி விலக்கு என்பது செலவு. திறைசேரியிலிருந்து காசோலை எழுதிக் கொடுப்பதற்கும் அதற்கும் விளைவில் வேறுபாடில்லை. நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அரச நிதிமீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. காசோலை எழுதுவதானால் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எதிர்க்கட்சியினர் எழுந்து கேள்வி கேட்பர். விலக்களிப்பதற்கு ஆண்டுதோறும் அவ்வாறு எழுத வேண்டியதில்லை. ஒருமுறை கொடுத்தால் நாற்பது ஆண்டு பேச்சில்லை. யார் யார் இவ்வாறு விலக்குப் பெற்றுள்ளனர், அதன் பெறுமதி எவ்வளவு என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கொருமுறை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் எப்போது வந்தது தெரியுமா? 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் கீழ் வந்தது. கடன் கொடுத்தவன் கேட்டான், பட்டியல் வெளிவந்தது. வாக்குக் கொடுத்தவர்கள் நாற்பத்தைந்து ஆண்டாகக் கேட்டிருக்க வேண்டியது அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதனை மறைத்தல் தகாது. ‘நீங்கள் இப்படிக் கணக்குப் பார்த்தால் எந்த முதலாளி இங்கே வருவான்? கட்டுநாயக்கா எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது!’ என்பர். சோறு போட்டது உண்மை. ஆனால் தையல் தொழிற்சாலைகள் இங்கே வந்ததற்கு வரி விடுமுறை ஒன்றே காரணமன்று. மேற்கு நாடுகள் ஒவ்வொரு நாட்டின் ஆடை ஏற்றுமதிக்கும் பங்கீட்டு அளவு விதித்திருந்த காலம் அது. தம் நாட்டின் பங்கு நிரம்பிய ஆசிய முதலாளிகள் பங்கு மீந்திருந்த நாடுகளைத் தேடிச் சென்றனர். 2004 முடிவோடு அப்பங்கீடு ஒழிந்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைச் சலுகை துணை நின்றது. அது 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதத்தில் மீண்டது. அந்நிறுத்தத்துக்குக் காரணம் மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றாமை. நீதியோடு நடந்துகொள்வதும் ஒரு முதலீட்டுச் சலுகையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, வரியே இல்லாத நாடு என்று உலகம் நம்பியிருந்த ஒரு தேசத்துக்குப் போவோம். இங்கிருப்பவருள் பலரின் பிள்ளைகள் துபாயிலும் அபுதாபியிலும் இருக்கின்றனர். சிலர் அங்கே சொந்தமாக வணிகமும் நடத்துகின்றனர். ஜெபல் அலி சுதந்திர வலயம் 1985ஆம் ஆண்டு தொடங்கியது. அதனைத் தொடர்ந்து பல வலயங்கள் எழுந்தன. ‘வரி இல்லை’ என்ற இரண்டு சொற்களே அவற்றின் விளம்பரம். எண்ணெய் வளமுள்ள அரசு. வரி வாங்காவிட்டாலும் பட்டினி கிடக்காது. அந்த நாடே 2022ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் கம்பனி வரியைக் கொண்டுவந்தது. 2023 ஜூன் முதலாந் தேதியிலோ அதன் பின்னரோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்தில் நூற்றுக்கு 9.

அவர்கள் இதனைத் தரும சிந்தையால் செய்தனர் என்று நாம் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டை வரி விடயத்தில் ஒத்துழையாத நாடுகளின் பட்டியலில் சேர்த்து, அவ்வாண்டு ஒக்டோபரிலேயே நீக்கிற்று. பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் கம்பனிகளை உலகம் இனிப் பொறுக்காது என்பது அவர்களுக்கு விளங்கியது. அந்நாட்டு அரசியலையோ தொழிலாளர் நிலையையோ புகழ்வதும் நம் நோக்கமன்று. வரி விலக்கை எழுதிய முறை ஒன்றையே பார்க்கிறோம்.

வலயங்களை அவர்கள் ஒழிக்கவில்லை. வலயத்திலுள்ள கம்பனிக்கு இன்றும் சுழிய வீதம் உண்டு. ஆனால் அது வலயத்தில் இருப்பதனால் தானாகக் கிடைப்பதன்று. ஒவ்வோர் ஆண்டும் தகுதி காட்டிப் பெறுவது. அக்கம்பனி உண்மையாகவே வலயத்தில் இயங்க வேண்டும்: போதிய சொத்து, தகுதியுள்ள ஊழியர், தொழிலுக்கேற்ற செலவு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கு வேண்டும். வரி சுழியமாயினும் பதிவு செய்ய வேண்டும். வருமானம் சட்டத்தில் சொல்லப்பட்ட வகையினதாய் இருக்க வேண்டும். பொருள் உற்பத்தி, பதனிடல், கப்பல் இயக்கம், களஞ்சியப்படுத்தலும் போக்குவரத்தும், குறிக்கப்பட்ட வலயத்திலிருந்து மறு விற்பனையாளருக்கு விநியோகம் போன்றவை அவ்வகையின. தனிமனிதருக்குச் சில்லறையாக விற்பது பெரும்பாலும் அதில் அடங்காது. வங்கித் தொழிலும் அடங்காது. வலயத்துக்கு வெளியே கிளை திறந்து இலாபம் எடுத்தால் அந்த இலாபத்துக்கு 9 வீதம் செலுத்த வேண்டும். தகுதியற்ற அவ்வருமானத்துக்கு 375,000 என்ற கழிவும் இல்லை, முதல் திர்ஹாமிலிருந்தே வரி.

இனிச் சொல்வதே அச்சட்டத்தின் உயிர்நிலை. தகுதியற்ற வருவாய் சிறிதளவு கலந்திருந்தால் பொறுக்கப்படும். அச்சிறிதளவு, மொத்த வருவாயில் நூற்றுக்கு 5 அல்லது 50 இலட்சம் திர்ஹாம், இவற்றுள் எது குறைந்ததோ அது. ஒரு வலயக் கம்பனியின் ஆண்டு வருவாய் நான்கு கோடி திர்ஹாம் என்று வைப்போம். அதற்குரிய எல்லை 20 இலட்சம். அவர் ஆசைப்பட்டு 21 இலட்சத்துக்குச் சில்லறை விற்றுவிட்டார். ஓரிலட்சம் மிகை. அந்த ஓரிலட்சத்துக்கு மட்டும் வரி என்று சட்டம் சொல்லவில்லை. அவ்வாண்டுக்கும் தொடர்ந்துவரும் நான்கு ஆண்டுகளுக்கும் தகுதியே போய்விடும். அவருடைய இலாபம் ஆண்டுக்கு 50 இலட்சம் திர்ஹாமானால், வருடமொன்றுக்கு வரி 416,250. ஐந்து வருடத்துக்கு இருபது இலட்சத்துக்கு மேல். குத்தகைக்காரன் வரம்பை ஒரு சாண் வெட்டினால் குத்தகையே முறியும் என்று உறுதியில் எழுதியிருப்பது போன்றது இது. கடுமைதான். ஆனால் கடுமை எங்கே இருக்கிறது என்பதை இரு தரப்பாரும் முன்கூட்டியே அறிவர். எந்த அமைச்சரையும் போய்க் காண வேண்டியதில்லை.

இன்னுமொரு வாசகம். உறவுக் கம்பனிகள் தமக்குள்ளே கொடுக்கல் வாங்கல் செய்யும்போது அந்நியருக்கு விற்கும் விலையிலேயே செய்ய வேண்டும், அதற்கு ஆவணமும் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதன் தேவையைக் கமக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணன் வயலுக்குப் பங்கு கட்ட வேண்டும், தம்பி வயலுக்கு வேண்டாம் என்றால், அண்ணன் வயலில் விளைந்த நெல்லும் இரவோடிரவாகத் தம்பியின் களத்துக்குப் போய்விடும். உலகப் பெருங்கம்பனிகள் செய்வது இதற்கு மேல் ஒன்றுமில்லை. நெல்லுக்குப் பதில் விலைப்பட்டியலைத் தூக்கிச் செல்கின்றனர்.

அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் கலங்க வேண்டாம். சம்பளத்துக்கு இவ்வரி இல்லை. தனிப் பெயரில் வணிகஞ் செய்வோருக்கு ஆண்டுப் புரள்வு பத்து இலட்சம் திர்ஹாமைத் தாண்டினாலே இது தொடும். ஆனால் ‘வலயத்தில் தானே இருக்கிறேன்’ என்று பதிவு செய்யாமல் இருக்கும் மருமக்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பிந்திய பதிவுக்குத் தண்டம் 10,000 திர்ஹாம்.

இனி, உலகம் போகும் திசையில் நமக்கு மிக முக்கியமானது ஒன்று. 75 கோடி யூரோவுக்கு மேல் ஆண்டு வருவாயுள்ள பன்னாட்டுக் குழுமங்கள் எந்த நாட்டிலும் நூற்றுக்கு 15க்குக் குறையாத வரி செலுத்த வேண்டும் என்று 2021 ஒக்டோபரில் 136 நாடுகள் இணங்கின. அன்று கையெழுத்திடாது நின்றவை நான்கு: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. கையெழுத்திடாவிட்டால் தப்பிவிடலாம் என்று எண்ணுவது பிழை. ஒரு நாடு அத்தகைய குழுமத்துக்கு வரியை மன்னித்தால், குறைந்த அளவை அதன் தாய்நாடு வாங்கிக்கொள்ள அவ்வேற்பாடு இடங்கொடுக்கிறது. அமெரிக்கக் குழுமங்களின் நிலை வேறு; ஆனால் இவ்விதியைச் சட்டமாக்கிய ஐரோப்பிய நாடுகளின் குழுமங்களுக்கு அது பொருந்தும். இதன் விளைவு யாது? நாம் இங்கே மூன்று கோடியை மன்னிக்கிறோம். முதலாளிக்கு அதில் மிஞ்சுவது பாதி. மறுபாதி அவருடைய நாட்டுத் திறைசேரிக்குப் போகிறது. சவர்க்காரம் வாங்கிய தாய் செலுத்திய வரியைக்கொண்டு ஐரோப்பிய நாடொன்றின் கஜானாவுக்கு உபகாரம்! ஐக்கிய அரபு இராச்சியம் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2025 ஜனவரி முதலாந் தேதி முதல் அத்தகைய குழுமங்களிடம், வலயத்திலுள்ளவற்றிடமும், குறையும் தொகையைத் தானே அறவிட்டு 15 வீதமாக்கும் வரியை விதித்துவிட்டது.

இவற்றையெல்லாம் நம் மண்ணுக்குக் கொண்டுவருவோம். வலயம் என்ற சொல்லால் முதலில் சுடுபட்டவர்கள் நாம். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் மக்கள் 2006ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். 2007ஆம் ஆண்டில் அவ்விடம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனமாயிற்று. 2012 மே மாதத்தில் வந்த வர்த்தமானி 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழிலுக்கான வலயமென்று முதலீட்டுச் சபையிடம் சேர்த்தது. துப்பாக்கி வேலி போய் வரி விலக்கு வேலி வந்தது. காணிக்காரன் இரண்டுக்கும் வெளியே முகாமிலேயே நின்றான். 2015 மே மாதத்தில் அவ்வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்ட பின்னரே மீள்குடியேற்றத்துக்கு வழி பிறந்தது. காங்கேசன்துறையைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் கதையும் 1990 முதல் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே காணியின் நாலெல்லை தெளிவாகாமல் வரிச் சலுகையைப் பற்றிப் பேசத் தொடங்குவது, பந்தற்கால் ஊன்றாமல் தோரணம் கட்டுவதாகும்.

எல்லை தெளிந்து, காணிக்காரர் சம்மதமோ தகுந்த இழப்பீடோ பெற்ற இடத்தில், தொழிற்சாலை வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். சீமெந்தும் இரசாயனமும் செய்த மண் இது. ஆனால் சலுகை எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுத்தல் ஆகாது. விடுமுறை என்பதைவிட முதலீட்டுக் கழிவே நமக்கு ஏற்றது. விடுமுறைதான் கொடுப்பதென்றால் ஆண்டுக் கணக்கு குறுகியதாய், இத்தனை பேருக்கு இன்ன சம்பளத்தில் வேலை என்ற நிபந்தனையோடு, தவறினால் தகுதி போகும் என்ற வாசகத்தோடு, எல்லாரும் வாசிக்கக் கூடியதாய் இருக்கட்டும். வலயத்துக்குள் செய்த பண்டத்தை வெளியே நம் சந்தையில் விற்றால், வெளியிலுள்ளவன் செலுத்தும் வரியையே அவனும் செலுத்தட்டும். அல்லாவிடில் நல்லெண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் நம்மவர் 30 வீதம் கட்டி, வேலிக்குள்ளிருந்து சுழியத்தில் வரும் எண்ணெயோடு போட்டியிட வேண்டும். அவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்?

இதற்கு ஆயுதம் நம் கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலோ ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதியிலோ நடைபெறும் கருத்திட்டம் பற்றி, அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே, பாதிக்கப்படக் கூடியவர்களுக்குத் தெரிவிக்கும் கடமையைப் பொறுப்பான அமைச்சர்மீது சுமத்துகிறது. கேட்டால் தருவது ஒன்று. கேளாமலே தர வேண்டிய கடமை மற்றொன்று. இது இரண்டாவது. இதற்குமேல் நாமாகக் கேட்டால் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். ‘வர்த்தக இரகசியம்’ என்று மறுப்பர், எதிர்பாருங்கள். பொதுநலன் மிகுமிடத்தில் அம்மறுப்புச் செல்லாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரும், அவருக்கு மேல் ஆணைக்குழுவும் உளர்.

மூன்று வலயங்களுக்கும் தனித்தனியே விண்ணப்பங்கள் எழுதி வைத்திருக்கிறோம். காணியின் எல்லை விவரம், உத்தேசிக்கப்பட்ட வரி விலக்கின் காலமும் நிபந்தனையும், அதனால் திறைசேரி இழக்கும் தொகையின் மதிப்பீடு ஆகியவை அவற்றில் கேட்கப்பட்டுள்ளன. வாசலருகே மேசையில் பிரதிகள் இருக்கின்றன. காங்கேசன்துறைப் பக்கத்துக் காணிக்காரர் தத்தம் உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் பின்பக்கத்தில் எழுதித் தாருங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்துப் பிரதிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தையும் அங்கேயே பெறலாம். கணக்காளர் நண்பர்கள் இருவராவது இங்கே தங்கி, மதிப்பீடு பற்றிய கேள்விகளை நம்மோடு இருந்து திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.